தூசி துடைக்கும் மெஷின்

என் கண்ணு,

நீ விட்டுப்போன நெகட்டிவ்களை ஸ்கேன் செய்ய ஒரு மெஷின் வாங்கிவிட்டேன். நீ கேட்கவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தம்போயில் இருக்கும் கேமரா கடையில், தூசியைத் தானாக அழிக்கும் மெஷினைத்தான் முதலில் காட்டச் சொன்னேன். இரவு ஷிப்ட் முடித்து நேரே போயிருந்தேன். உட்கார்ந்து துடைக்க உடம்பில் தெம்பில்லை. கடைக்கார யுகேந்திரன் சிரித்தார்.

"கறுப்பு வெள்ளை பிலிமுக்கு அது ஆகாது லா அங்கிள். படமே அதுல வெள்ளித் துகள்தான். மெஷின் அதையும் தூசின்னு நெனச்சு அழிச்சிடும்."

சாதாரண மெஷினையும் ஒரு பிரஷையும் கொடுத்து அனுப்பினார்.

மூன்று நாளாகத் துடைக்கிறேன். நெகட்டிவில் தலை கறுத்திருந்த ஆள் யாரென்று தெரியவில்லை. படமாக வந்த பிறகுதான் அது என் நரை என்று புரிந்தது. பன்னிரண்டு படத்திலும் நான், வேலை முடிந்து வந்து நாற்காலியில் தூங்குகிறேன். "ஊரையெல்லாம் படம் புடிக்கிற, வீட்டுல இருக்கிறவன ஏறெடுத்துப் பாக்கிறியா?" என்று நீ வீட்டைவிட்டுப் போன அன்றைக்குக் கத்தியவனும் நான்தான்.

பதினோராவது படத்தில் என் மேல் ஒன்றுமில்லை. அதே சட்டையோடு இருக்கும் கடைசிப் படத்தில் போர்வை இருக்கிறது. உன் அம்மாதான் தினமும் போர்த்துகிறாள் என்று நினைத்திருந்தேன். கேட்டேன்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் வேலைக்குப் போயிடுறேன். எப்படிங்க போத்துறது?" என்றாள்.

நீ போன நாளிலிருந்து போர்வை அலமாரியிலேயே இருக்கிறது.

அப்பா