கேட் வைத்த வண்டி

சோரியாங்குப்பம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

விஜயராணி எழுதிக்கொள்வது. இங்கே நான், பாப்பா, அத்தை, மாமா எல்லோரும் சௌக்கியம். உங்கள் வண்டியும் சௌக்கியம்தான், ஆனால் நீங்கள் விட்டுப்போன மாதிரி இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்வதை விட்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள், அறையில் கூட இருக்கிறவர்கள் எல்லாம் எழுந்து உட்காருவார்கள். கடிதத்தில் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் நான் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருப்பேன். உங்கள் சிநேகிதர் பிரிட்டோ லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை குவைத்துக்குக் கிளம்புகிறார். கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பொட்டலத்தைப் பிறகு பிரிக்கலாம், முதலில் இதைப் படியுங்கள். மாதக் கடைசியில் கம்பெனிக்காரர்கள் நீட்டும் காகிதத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னீர்களே, அதற்கு முன்னால் படித்தே ஆகவேண்டும்.

போன வாரம் நான் கூப்பிட்டு, நம் வண்டியில் பெரிய கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்பியை எப்படிப் போடுவது என்று கேட்டேன் அல்லவா? பின்னால் என்ன சத்தம் என்றீர்கள். மிக்ஸி என்றேன். அது மிக்ஸி இல்லைங்க, கடல். பனித்திட்டுக் கடல். முதலிலிருந்து சொல்கிறேன், நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

போன லீவில் வந்து இந்த வண்டியை ஏலத்தில் எடுத்தீர்கள், ஃபோர் வீல் டிரைவ், ஒன்பது பேர் உட்காரலாம் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். நம் வீட்டில் இருப்பது ஐந்து பேர், அதில் ஒருவர் குவைத்தில். மூலக்குளத்துக்குக் கல்யாணத்துக்கு ஒரு தடவை போனோம், அவ்வளவுதான். நீங்கள் விமானம் ஏறியதும் அது தார்ப்பாய்க்குள் போய்விட்டது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது. ஆனாலும் நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் முதல் கேள்வி வண்டி எப்படி இருக்கு என்பதுதான். பிறகு அம்மா, பிறகு பாப்பா. நான் நாலாவது. மாமா ஐந்தாவது, அதனால் அந்த வண்டி மேல் அவருக்கு என்னைவிடக் கோபம் அதிகம்.

என் மீன் வியாபாரம் உங்களுக்குத் தெரியும். பனித்திட்டில் வேலம்மாள் அக்கா வீட்டுப் படகில் வந்து இறங்கும் மீனை எடுத்துக்கொண்டு போய் மூலக்குளத்தில் வீடு வீடாகக் கொடுக்கிறேன். அங்கே போன மாதம் காலி மனையாக இருந்த இடத்தில் இந்த மாதம் பால் காய்ச்சுகிறார்கள். எல்லோருக்கும் மீன் வாசலுக்கு வரவேண்டும். நமக்கு நல்லதுதான். ஆனால் ஷேர் ஆட்டோக்காரர்கள் என் கூடையைப் பார்த்ததும் வேகமெடுக்கிறார்கள். வாடகை டெம்போ வந்தாலும் மணலில் இறங்காது, ரோட்டிலேயே நின்றுவிடும். படகிலிருந்து ரோடு வரைக்கும் கூடை என் தலையில்தான். கழுத்து வலியை உங்களிடம் சொன்னதில்லை. தலையணையை மாற்று என்பீர்கள்.

இன்னும் இரண்டு வருஷம் என்று நீங்கள் சொன்ன அன்றைக்கு, ஊருக்கு வந்துவிடுங்கள் என்று நான் சொன்னபோது, "வந்து இன்னாடி பண்றது, நீயே சொல்லு" என்று கேட்டீர்கள். போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அது நின்றது. நான்கு சக்கரமும் இழுக்கும், மணலில் இறங்கும், சேற்றில் ஏறும் என்று நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டால் மீன் வண்டி ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது.

மாமாவிடம் சொன்னேன். ஏன், எதற்கு என்று ஒரு பேச்சு இல்லை. நேராகப் போய் மணிவண்ணனைக் கூட்டிவந்துவிட்டார். நம் தெருவுக்கெல்லாம் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடித்துக்கொடுக்கும் அதே மணிவண்ணன்தான். இதற்கு முன்னால் வண்டி வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "இன்னாமா பெரிய வண்டி, அதுவும் இரும்புதானே" என்றார். அப்புறம் இரண்டு பேரும் மொபைலில் ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டு வாசலிலேயே வண்டியை வெட்டும் வீடியோவைப் பார்த்தார்கள். அவர் பேசியது ஒரு வார்த்தை புரியவில்லை. மணிவண்ணன் மட்டும் அவ்வப்போது, "ஆமா, கரெக்ட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெட்டுவதற்கு முன்னால் மாமா வண்டிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கற்பூரம் காட்டினார். வெட்டப்போகிற வண்டிக்கு எதற்கு இதெல்லாம் என்றேன். "ஆட்டுக்கே தெளிச்சுட்டுத்தானேம்மா வெட்டறோம்" என்றார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், வண்டி தலையாட்டாது என்று தெரிந்ததும் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். கிரைண்டர் சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. வெல்டிங் வைத்ததும் தெருவுக்கே கரண்ட் போனது. சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திட்டிக்கொண்டே வந்து, வண்டியைப் பார்த்ததும் திட்டுவதை மறந்து ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

கூரையை முன் சீட்டு வரைக்கும் விட்டு மிச்சத்தை வெட்டி, பின்கதவை அப்படியே கழற்றிக்கொண்டு வந்து டிரைவர் முதுகுக்குப் பின்னால் சுவராக வைத்து அடைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கதவுக் கண்ணாடியில்தான் நீங்கள் 'காசம்மாள் துணை' என்று அத்தை பேரை ஒட்டியிருக்கிறீர்கள். இனிமேல் தன் பேர் மீன் கூடையைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறது என்று தெரிந்ததும் அத்தை ஆடிய ஆட்டத்தை எழுத முடியாது. "எம்புள்ள ஊரு பாக்கட்டும்னு ஒட்டுனான்டி, சங்கரா மீனு பாக்கறதுக்கா?" என்று கேட்டார்கள். சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் சாப்பிட்டது பிறகுதான் தெரிந்தது. முன் கண்ணாடியில், இன்னும் பெரிய எழுத்தில் ஒட்டித்தருகிறோம் என்று சொன்ன பிறகுதான் வீட்டுச் சோற்றைத் தொட்டார்கள்.

கழற்றிய பின் சீட்டு இப்போது ஹாலில் சோபாவாக இருக்கிறது. பெல்ட்டும் கூடவே வந்துவிட்டது. அத்தை டிவி பார்க்கும்போது பெல்ட்டை மாட்டிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். எதற்கு என்று பாப்பா கேட்டதற்கு, உன் அப்பன் காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கக்கூடாது என்றார்கள்.

கூடை வைக்கும் பின்தொட்டியை நன்றாகவே செய்திருக்கிறார் மணிவண்ணன். ஆனால் கைப்பழக்கம் விடவில்லை. தொட்டியின் பின்கதவை நம் தெருக் கேட் மாதிரியே அடித்துவிட்டார். நடுவில் சூரியகாந்திப்பூ, மேலே ஈட்டி முனை, கீழே தாழ்ப்பாள். பூட்டு மாட்ட வளையமும் உண்டு. தபால் பெட்டி ஒன்று வைக்கட்டுமா என்று கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். இன்னொரு சங்கதி, ஒயர் எதையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடுகிறது. அது மட்டும் இங்கே யாருக்கும் பிடிபடவில்லை.

பின்பாரம் போய்விட்டதால் வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் குதித்தது. பின்னால் கனமாக எதையாவது வைக்கவேண்டும் என்றார் மணிவண்ணன். மாமா அத்தையைப் பார்த்தார். நான் சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை. அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் சூரியகாந்திப்பூவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வழியெல்லாம் தெரிந்தவர்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு வந்தார்கள்.

அப்படித்தான், மணிவண்ணனையும் கூட்டிக்கொண்டு, பனித்திட்டுக்குப் போனோம். மாமாதான் ஓட்டினார். அத்தனை வருஷம் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர், எனக்குத் தெரியாத சேறா என்று மணலையும் சேற்றுக் கணக்கிலேயே வைத்துவிட்டார். லோடு வண்டி என்றால் டயர் கல் மாதிரி இருக்கவேண்டும் என்று பாகூரில் நிறுத்தி நான்கு சக்கரத்துக்கும் காற்றை ஏற்றினார். படகு வரைக்கும் ஜோராகத்தான் போனார். கூடைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. மாமா இன்னும் மிதித்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் என்றீர்களே, இரண்டுதான் சுற்றியது. அது மண்ணைத் தோண்டிக்கொண்டு கீழே போனது. அலை வந்து பின்சக்கரத்தைத் தொட்டுவிட்டுப் போனது. அடுத்த அலை இன்னும் கொஞ்சம் மேலே வந்தது.

வேலம்மாள் அக்கா ஓடிவந்து, "காத்த எறக்குய்யா, மணல்ல இன்னாத்துக்கு இவ்ளோ காத்து" என்றது. மாமா கேட்கவில்லை. பாரம் ஏற்றிய வண்டிக்குக் காற்றை இறக்கச் சொல்கிறாள், புத்தி இருக்கா என்று சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். படகு இழுக்கும் டிராக்டரும் அன்றைக்குப் பார்த்து ரிப்பேர். உங்கள் ஆசை வண்டியை வெட்டியதும் இல்லாமல் கடலுக்கும் கொடுத்துவிட்டேன் என்றால் எந்த முகத்தோடு உங்களிடம் பேசுவேன்? அப்போதுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

வண்டியைத் துடைக்கும்போது அந்தச் சின்னக் கம்பியில் கை பட்டுவிட்டது, அதை எப்படிப் போடுவது என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள். கம்பியை இழுத்தால் மட்டும் போதாது, முன் சக்கரம் இரண்டின் நடுவிலும் ஒரு திருகு இருக்கிறது, இறங்கிப்போய் அதைத் திருப்பினால்தான் முன் சக்கரம் பிடிக்கும் என்றீர்கள். பாலைவனத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் இல்லையா, நான் கேட்காமலே மணலுக்குப் போய்விட்டீர்கள். "மணல்னா காத்த பாதி எறக்கிடணும், மெதுவா விடணும், முறுக்கக் கூடாது" என்றீர்கள். போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். கரையில் நின்ற அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். மாமா மெல்லச் சக்கரத்தை விட்டு எழுந்து, தானே காற்றை இறக்க ஆரம்பித்தார். அத்தை மேலே இருந்து "எப்பா பாக்யராஜி" என்று கூப்பிட வாயைத் திறந்தார்கள், மணிவண்ணன் பாய்ந்துபோய்ப் பொத்தினார்.

முன் சக்கரத் திருகையும் திருப்பிக் கம்பியை இழுத்ததும், வண்டி முனகிக்கொண்டே மேலே ஏறியது. எல்லோரும் விசில் அடித்தார்கள். அது என்ன சத்தம் என்றீர்கள், டிவி என்றேன். அதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். என் குரல் நடுங்கியதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். கம்பி உடைந்துவிட்டதோ என்று நான் பயப்படுவதாக நினைத்துக்கொண்டு, "ஏன்டி பயப்படற, ஒண்ணும் ஆவாது, நான் இருக்கேன் இல்ல" என்றீர்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் உப்புத்தண்ணி பட்டுதா என்று வேலம்மாள் அக்கா என்னைக் கேட்டது, ஆமாம் என்றேன். இருக்கேன் என்கிறீர்கள், எங்கேங்க இருக்கிறீர்கள்? பணம் வந்ததா, கட்டியாயிற்றா என்பதைத் தவிர நீங்கள் என்னிடம் அவ்வளவு நேரம், அவ்வளவு சந்தோஷமாகப் பேசி ரொம்ப காலம் ஆகிவிட்டது. நீங்கள் பேசப் பேச, பக்கத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது. போனை வைத்ததும் இல்லை.

அன்றைக்கு மீன் மூலக்குளம் போய் அப்படியே விற்றுவிட்டது. ஆனால் வண்டி இப்போது மறுபடியும் வாசலில் நிற்கிறது. மணிவண்ணன் தெரிந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஏஜெண்டு ஒருவரை விசாரித்தாராம். வண்டியின் உருவத்தை மாற்றுவதென்றால் வெட்டும் முன்பே எழுதிக் கேட்டிருக்க வேண்டுமாம். இதை வெட்டும் முன்பே விசாரித்திருக்கலாமே என்றேன், வீடியோவில் அதைப் பற்றி ஒன்றும் வரவில்லையே என்றார். இனிமேல் வண்டியின் சொந்தக்காரரே வந்து கையெழுத்துப் போட்டு, ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றினால்தான் ரோட்டில் ஓட்டமுடியும். இங்கேயே இப்படி என்றால், மூலக்குளம் போகிற வழியில் நம் மாநில எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் போலீசுக்கும் பதில் சொல்லவேண்டும். மாமா சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார். என் தலையில் மறுபடியும் கூடைதான்.

ஆக, உங்கள் ஒரு கையெழுத்துக்காக அங்கேயும் காத்திருக்கிறார்கள், இங்கேயும் காத்திருக்கிறோம். வந்து என்ன பண்ணுவது என்று கேட்டீர்களே, வந்து இதை ஓட்டுங்கள். நான் விற்கிறேன். அங்கே வருகிற அளவுக்கு வருமா என்றால் வராது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாட்டுக்குப் பஞ்சம் வராது, பாப்பா பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிடும். அப்பா எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டால் அவள் போனைக் காட்டுகிறாள். எனக்கு அது பிடிக்கவில்லைங்க.

இதைப் படித்துக் கோபம் வரும், தெரியும். வரட்டும். தயவுசெய்து அதைப் போனில் மட்டும் செலவழித்துவிடாதீர்கள். அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டிக்கெட் போட்டு, நேரில் வந்து, வாசலில் நின்று ஊரே கேட்கிற மாதிரி என்னைத் திட்டுங்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். திட்டி முடித்ததும் கைகால் கழுவிக்கொண்டு வாருங்கள், சுடச்சுட மீன் குழம்பு ஊற்றுகிறேன். சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுங்கள். விடிந்தால் இரண்டு பேரும் பனித்திட்டுக்குப் போகவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவையே பார்த்துக்கொண்டிருக்கும்
விஜயராணி