ஸ்ப்ரூச் ஆற்றுப் பாலத்தில் கிளாரினெட்

1904 அக்டோபர் 5
முட்டைக்கோஸை ஊறப் போட்டுக் கை கழுவுவதற்குள் பட்டாளத்து ஓலை வந்துவிட்டது. நவம்பர் ஒன்றாம் தேதி என் வீட்டுக்காரர் நோஹெம் ஆஜராக வேண்டும். ஜப்பான் சண்டைக்கு. கிளாரினெட் வாசிக்கிற விரல் துப்பாக்கியில் — எழுத வரவில்லை.

அக்டோபர் 6
தூக்கமில்லை.

அக்டோபர் 13
அவருடைய அண்ணன் கெட்ஸல் வந்தார். கல்யாண வாத்தியக் குழுவுக்கு அவர்தான் தலைவர், பிடில் வாசிப்பவர். மாவு மில்காரர் மகள் ஹின்டாவுக்கு ஸ்ப்ரூச் ஆற்றின் அக்கரையில் கல்யாணம். அக்கரை ஆஸ்திரிய ராஜாவின் பூமி. ஜார் மன்னர் கை அங்கே நீளாது.
"நோஹெம் வாசிக்க வரட்டும். நீ பொண்ணுக்குத் துணையா வா, ஸ்லாத்தா. ரெண்டு பேரும் திரும்பி வராதீங்க" என்றார்.
"திரும்பும்போது தலையை எண்ணினா?"
"காவக்காரன் வோட்கா பாட்டிலைத்தான்மா எண்ணுவான்."
சிரித்தார். கண் சிரிக்கவில்லை. பிடிபட்டால் அவரையும்தானே உள்ளே தள்ளுவார்கள்?

அக்டோபர் 20
மூன்று நாளாக இவர் வாத்தியத்தைத் தொடவில்லை. ரொட்டிக் கடையில் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருக்கிறது. யாரிடமாவது உளறிவிட்டேனா?

அக்டோபர் 25
நாளைக்கு.

நவம்பர் 10
தேதி தப்பில்லை. பாலம் தாண்டி வந்துவிட்டோம்; இந்த ஆஸ்திரியக் கரையில் நாள்காட்டி பதின்மூன்று நாள் முன்னால் ஓடுகிறது. அவர் ஆஜராக வேண்டிய நாள் இந்த ஊரில் போன வாரமே முடிந்துவிட்டது.
பாலத்தில் காவலாள் இவரைத்தான் நிறுத்தினான். "வாட்டசாட்டமா இருக்கியே! நிஜமா வாத்தியக்காரனா, பட்டாளத்துக்குப் பயந்து ஓடறியா? வாசி, பார்ப்போம்."
உதட்டில் வைத்தார். வெறும் காற்று. மறுபடி ஊதினார் — வாத்து மிதிபட்ட மாதிரி ஒரு கீச்சு. ஐயோ, போச்சு, எல்லாம் போச்சு...
அப்போது வண்டிக்குள் ஹின்டா ஓவென்று அழுதாள். பயத்தில்தான், பாவம்.
காவலாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஒரே ஊதல்ல பொண்ணை அழ வெச்சுட்டான்! உங்க யூதக் கல்யாணத்துல வாசிச்சே பொண்ணை அழ வைக்கிறதுதானே இவன் வேலை? போ, போ."
கல்யாணம் முடிந்து இன்று மதியம் கெட்ஸலும் மற்றவர்களும் ஊர் திரும்பப் பாலம் ஏறினார்கள். கரையிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அங்கே வண்டி நின்றது. எவ்வளவு நேரமோ! பிறகு நகர்ந்தது.
மாலையில் இவர் கிளாரினெட்டை உறையிலிருந்து எடுத்தார். "யார் காதிலாவது விழுந்துட்டா?" என்றார்.
"இங்க யார் கேட்டா நமக்கென்ன? வாசிங்க" என்றேன்.
சொல்லிவிட்டு நானே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.