வாத்தும் வளையமும்

மார்ச் 3
மருத்துவப் பாடநூலின் புதிய பதிப்புக்காக மூளையின் அடிப்பாகத்தை மறுபடி வரைந்தேன். கழுத்து வழியே ஏறும் ரத்தக் குழாய்கள் அங்கே சிறு இணைப்புகளால் கைகோத்து ஒரு வளையமாகின்றன. ஒரு பக்கம் அடைபட்டால் மறுபக்கம் கொடுத்து உதவும். இத்தனை வருடமாக வரைகிறேன். என் வளையம் ஒருமுறைகூட ஒழுகியதில்லை.

மார்ச் 9
வலக்கையிலிருந்து பென்சில் நழுவியது. சில நிமிடம் வார்த்தையே வரவில்லை. மனைவி முதலில் அதை அமைதி என்று நினைத்து ரசித்தாளாம். பிறகுதான் பயந்தாளாம்.

மார்ச் 12
இடது கழுத்துக் குழாயில் கொழுப்பு. அதைச் சுரண்டி முடிக்கும்வரை குழாயை இறுக்கி மூட வேண்டும். "மூடுங்க டாக்டர், மறுபக்கம் பாத்துக்கும்" என்று தைரியம் சொன்னேன். அவர் ஸ்கேன் படத்தை என் பக்கம் திருப்பினார். வளையத்தில் இரண்டு இடத்தில் இணைப்பே இல்லை. என் தலையில்!

"நீங்க வரையிற மாதிரி முழுசா இருக்கறவங்க பாதிப் பேர்கூட இல்ல சார். மயக்கம் குடுக்காம பண்றேன். நீங்க பேசிட்டே இருங்க. பேச்சு நின்னா, உள்ள சின்னக் குழாய் வச்சு ரத்தத்தை ஓட விட்டுடுவேன்."

"பேசறதுக்கா? அந்தக் கவலையே வேண்டாம் டாக்டர்" என்றாள் மனைவி. "மூளையில ஏதோ குறையுதுன்னு கல்யாணமான மாசமே சொன்னேன், கேட்டாரா?"

மார்ச் 17
பயமா? சேச்சே.
சரி, கொஞ்சம். பேச்சு திரும்பி வரலைன்னா — இவகூட யாரு சண்டை போடறது?

மார்ச் 21
அறுவை மேஜையில் படுத்ததும் வலக்கையில் ஒரு ரப்பர் வாத்தைக் கொடுத்தார்கள். அமுக்கினால் கத்தும். மூளையின் இடப்பக்கம் பட்டினி கிடந்தால் வலக்கைதான் காட்டிக்கொடுக்குமாம். குழாயை மூடியபோது பதிப்பாசிரியரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நடு வாக்கியத்தில் நாக்கு நின்றது. வாத்தும் நின்றது. "சின்னக் குழாய் குடுங்க" என்றார் மருத்துவர், உப்பு கேட்பவரைப் போல.

வாத்து கத்தியது. விட்ட இடத்திலிருந்து திட்டி முடித்தேன்.

"அவ்வளவுதானா சார்?" என்றார் நர்ஸ், ஏமாற்றத்தோடு. வாத்தை மனைவி வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 2
புதிய படத்தில் இரண்டு இணைப்புகளைப் புள்ளிக்கோடாக வரைந்து அனுப்பினேன்.

"மாணவர்கள் குழம்பிடுவாங்க" என்றார் பதிப்பாசிரியர்.

"குழம்பட்டும். அப்புறம் கழுத்துல கை வைக்கட்டும்."

படம் அச்சுக்குப் போகிறது.

ஏப்ரல் 6
மனைவிமேல் கோபம். காலையிலிருந்து பேசவில்லை. சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "வாத்து!"

கோபம் தீரவில்லை. ஆனாலும் அமுக்கினேன்.