கியர் ஆயில் மாற்றிய வாரம்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். மலையில் நல்ல மழை. பள்ளிக்குப் போகும்போது நாலாவது வளைவில் கார் ஏற மறுத்தது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், இன்ஜின் மட்டும் கத்துகிறது. அப்புறம் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு குலுக்கல், ஏறிவிட்டது. பக்கத்தில் மல்லிகா டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை.

மாலை வீட்டில் கியர்பாக்ஸின் ஆயில் அளவு காட்டும் குச்சியை உருவிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுத்துக் கிடக்கிறது. தீய்ந்த வாடை. சோப்பு போட்டும் கையை விட்டுப் போகவில்லை. சோற்றிலும் அதே வாடை.

வாங்க: மிளகாய்த்தூள், கொசுவர்த்தி, ஒன்பதாம் வகுப்புக்கு லிட்மஸ் தாள்.

நவம்பர் 7, வெள்ளி

மூட்டம். சங்கராபுரம் ரோட்டில் இரண்டு மெக்கானிக் கடை ஏறி இறங்கினேன். முதல் ஆள்: "ஆட்டோ கியரா? நாங்க கை வைக்கறதில்லீங்க. சேலத்துக்குத்தான் எடுத்துக்கினு போவணும்." இரண்டாவது ஆள் குச்சியை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மலைக்கா போறீங்க?"

"ஆமாங்க. தினமும்."

"ம்."

அந்த 'ம்' வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஓசூரிலிருந்து இவர் போனில்: "மாசக் கடைசில வர்றேன். அதுவரைக்கும் தொடாத." சொல்வது சுலபம். ஸ்கூட்டரில் விழுந்ததிலிருந்து இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க ஆகாது. அதற்காகத்தான் கியர் தானாக மாறும் இந்தப் பழைய காரை வாங்கினோம். மலை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு போனால் மறுநாள் கால் வீங்கிவிடும்.

நானே மாற்றுவது என்று முடிவு. பதினாறு வருஷமாக அறிவியல் டீச்சர். அளந்து ஊற்றத் தெரியாதா.

நவம்பர் 8, சனி

மழை இல்லை. ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். வாசலில் காரின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பாய் விரித்துப் படுத்தேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ: "பொம்பள காருக்கடியில பூந்துக்கினு இன்னாத்தப் பண்ணுது?" ஸ்பேனரைத் தேடி எடுத்தேன்.

ஆயில் வடிக்கும் அடி போல்ட்டைக் கழற்றியதும் கறுப்புத் தண்ணீர் மாதிரி கொட்டியது. பாட்டிலில் அளந்தேன்: இரண்டேமுக்கால் லிட்டர். போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு. அதற்குள் நகத்துண்டு போல ஒரு உலோகச் சில்லு. எங்கிருந்து உடைந்து வந்ததோ. துடைத்துப் போட்டுவிட்டேன்.

வந்தது இரண்டேமுக்கால், ஊற்றிய புது ஆயிலும் இரண்டேமுக்கால். காரை இறக்கி இன்ஜினைச் சூடேற விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்தி, திரும்ப 'பி'யில், அதாவது பார்க்கிங்கில், நிறுத்தினேன். இன்ஜின் ஓடும்போதே குச்சியைத் துடைத்து விட்டு எடுத்தேன். குச்சியின் இரண்டு அளவுக்கோட்டுக்கு நடுவில், மேல்கோட்டை ஒட்டி. நல்ல சிவப்பு.

மிச்சம் அரை லிட்டர், டிக்கியில். முழங்கால் வலி.

நவம்பர் 10, திங்கள்

கச்சிராயபாளையம் வரைக்கும் கார் வெண்ணெய் மாதிரி ஓடியது. மல்லிகாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அணையைத் தாண்டியதும் பனி. ஏழாவது வளைவில் இன்ஜின் கத்தியது. வண்டி நின்றது. அப்புறம் பின்னால் சரிய ஆரம்பித்தது.

"டீச்சர், வண்டி பின்னால போவுது," என்றாள் மல்லிகா, வகுப்பில் வருகை சொல்வது போல.

இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். பின்னால் பஸ்ஸின் ஹார்ன், பனிக்குள் எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை. மல்லிகா இறங்கி ஓடிக் கல் வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து வண்டி ஊர்ந்தது. வளைவுக்கு மேலே சமதரை. அங்கே குச்சியை விட்டுப் பார்த்தால் கீழ்க்கோட்டைக்கூட ஆயில் தொடவில்லை.

அப்போதுதான் புரிந்தது. எங்கள் வாசல் மழைத் தண்ணீர் ஓடுவதற்காக வெளி கேட் பக்கம் சரிவு. ஆயில் எல்லாம் குச்சி இருக்கும் பக்கம் ஒதுங்கி, நிறைந்த மாதிரி காட்டியிருக்கிறது. பழைய ஆயிலே குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். குறைந்ததை அளந்து, அதே குறைச்சலைத் திரும்ப ஊற்றியிருக்கிறேன்.

டிக்கியில் இருந்த அரை லிட்டரை ஊற்றினேன். பள்ளி வரைக்கும் முனகிக்கொண்டே வந்தது. ரிவர்ஸ் விழவில்லை. கடுக்காய் மரத்தடியில் விட்டுவிட்டு மாலை பஸ்.

நவம்பர் 11, செவ்வாய்

கால் வீக்கம். சேலம் மெக்கானிக் கார்த்தியிடம் போனில் பேசினேன்.

"திரும்பவும் தீஞ்ச வாடை வருதுங்களா? அப்ப உள்ள பிளேட்டு போயிருக்கும். ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. இறக்கத்துல கியர் புடிக்காது. வெறும் பிரேக்க நம்பி அத்தன வளைவு இறங்க முடியாது. சனிக்கிழம வண்டியோட வந்து ஏத்திக்கிறேன்."

சாவி கைப்பையில். தலைமை ஆசிரியர் காரைப் பார்த்துவிட்டு, "அவசரத்துக்கு மேல ஒரு வண்டி நிக்கறதும் நல்லதுதான் டீச்சர்," என்றார். சிரித்து வைத்தேன். அது ஓடாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

விடாத மழை. இரண்டாம் பீரியட், ஒன்பதாம் வகுப்பு. வசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் மடங்கிவிட்டாள். விடியற்காலையிலிருந்தே வலியாம், சொல்லாமல் இருந்திருக்கிறாள். உடம்பு கொதித்தது. அவள் அம்மா மரவள்ளிக் காட்டிலிருந்து மண் காலோடு ஓடிவந்தாள். ஆம்புலன்ஸ் கீழே ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறதாம். மேலே வர ஒரு மணி நேரம்.

தலைமை ஆசிரியர் (த.ஆ.) கையை நீட்டினார். "சாவி குடுங்க டீச்சர். நான் ஓட்டுறேன். எறக்கம்தானே."

"குடுக்கமாட்டேன் சார். எறக்கத்துல அது நிக்காது."

"திங்கக்கெழம ஓட்டிக்கினு வந்தீங்களே?"

"இப்ப ஓடாது சார்."

எல்லோரும் என் கைப்பையைப் பார்த்தார்கள். வசந்தியின் அம்மா குனிந்தாள். "கால்ல வுழறேன் டீச்சர்." நான் பையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

மல்லிகா மழையில் ரோட்டுக்கு ஓடி, மரவள்ளி ஏற்றி வந்த வேன் ஒன்றை நிறுத்துவதற்குள் நாற்பது நிமிஷம். மூட்டைமேல் படுக்கவைத்துத் தார்ப்பாய் மூடினார்கள். த.ஆ.வும் அந்த அம்மாவும் கூடப் போனார்கள்.

மதியம் யாரும் என்னோடு சாப்பிடவில்லை. பஸ்ஸில் மல்லிகா வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

நவம்பர் 14, வெள்ளி

வசந்திக்குக் குடல்வால் வெடித்துவிட்டதாம். நேற்றே ஆபரேஷன். இன்னும் கண் திறக்கவில்லை. "அரை மணி முன்னாடி வந்திருந்தா ஒடஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு." த.ஆ. இதை அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், என்னைப் பார்த்து இல்லை.

அவள் பெஞ்சில் அவள் இடத்தை விட்டு மற்றப் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

நவம்பர் 15, சனி

வெயில். கார்த்தி லாரியோடு வந்தார். த.ஆ.வும் வந்து நின்றார். பள்ளி கேட்டுக்கு வெளியே சின்ன இறக்கம். கார்த்தி ஸ்டார்ட் செய்து, லீவரை இறக்கத்துக்கான 'எல்'லில் போட்டுப் பிரேக்கை விட்டார். கியரே போடாத வண்டி மாதிரி கார் ஓடியது. பத்தடியில் மிதித்து நிறுத்தினார்.

"பொண்ண ஏத்திக்கினு இதுல எறங்கியிருந்தா..." என்று இழுத்தார் த.ஆ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் யாருக்கோ போன் செய்துகொண்டே உள்ளே போனார்.

கார்த்தி என்னிடம், மெதுவாக: "ஆயில் மாத்தினது யாருங்க?"

"நான்தான்."

"தீஞ்சது தீஞ்சதுதான். ஆனா சமமான தரையில அளவு பாத்திருந்தா இன்னும் ஒரு வருஷம் தாராளமா மலையேறி எறங்கியிருக்கும்."

நவம்பர் 16, ஞாயிறு

மூட்டம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. ஆறு ஆரஞ்சு வாங்கிப் போனேன். வசந்தி கண் திறந்துவிட்டாள், பேச்சு இல்லை. மூக்கில் குழாய். காய்ச்சல் இறங்கவில்லை.

அவள் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சார் போன்ல சொன்னாரு டீச்சர். நீங்க சாவி குடுக்காததாலதான் எம்புள்ள உசுரோட கெடக்குதாம். நான்தான் தப்பா நெனச்சிக்கினேன்."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"அந்த வண்டியக் கெடுத்ததே நான்தாங்க," என்றேன். "ஆயில் அளவத் தப்பாப் பாத்துட்டேன். சரியாப் பாத்திருந்தா அன்னிக்கே நானே கூட்டிக்கினு எறங்கியிருப்பேன்."

"இன்னா டீச்சர் சொல்றீங்க?"

திரும்ப முதலிலிருந்து சொன்னேன். வாசல் சரிவு, குச்சி, இரண்டு கோடு, வேனுக்குக் காத்திருந்த நாற்பது நிமிஷம். கட்டிலில் வசந்தி கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிஷம் என்று நான் சொல்லும்போது அந்த அம்மா என் கையை விட்டுவிட்டாள்.