உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி

இன்று காலை இன்சுலின் வந்த தெர்மாகோல் பெட்டியைப் பிரித்தபோது, குளிர்ந்த அட்டையின் வாசனை மூக்கில் ஏறியது. உன் ஞாபகம் வந்தது. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அழுகை இல்லை, பயம். கோபித்துக்கொள்ளாதே.

விழுப்புரத்தில், நம் மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில், உன் மேசைக்கு அடுத்தது என் மேசை. ஸ்டாக் சாப்ட்வேரில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதியெல்லாம் உன் கையில். நீ லீவு போட்டால் ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லி எனக்கும் அந்த உரிமையை வாங்கித் தந்தாய். நான் அதைத் தொட்டதே இல்லை. தப்பாக எதையாவது அமுக்கிவிடுவேனோ என்று நடுக்கம்.

திண்டிவனம் கிளையில் பிரிட்ஜ் கெட்டு, இன்சுலின் முழுக்கச் சூடேறி வீணாய்ப்போன நாள் நினைவிருக்கிறதா? அந்தச் சரக்கை யாரும் விற்க முடியாதபடி நீ சாப்ட்வேரில் பூட்டினாய். கிளை மேனேஜர் உடனே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாய்.

“இன்னாம்மா, தொட்டுப் பாத்தா சில்லுனுதான் இருக்குது. ஜல்தியா தொறந்து வுடு.”

“திருப்பி அனுப்பணும் சார். தொறக்க முடியாதுங்க.”

“நீ அங்க வேலை பாக்கணுமா, வாணாமா?”

மேசைக்கடியில் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாய். போனை வைத்தபிறகு பார்த்தால் உன் நகம் பதிந்திருந்தது.

“பயமா இருக்குதுடி,” என்றாய். “ஆனா இந்த ஊசியத்தான எங்கம்மாவும் போட்டுக்கினு இருக்காங்க.”

அடுத்த வாரமே உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

உன் காரியம் முடிந்து வேலைக்கு வந்த காலையில், திரையில் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. நீ சாப்ட்வேருக்குள் இருக்கிறாய் என்று அர்த்தம். திரும்பி உன் நாற்காலியைப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பாய், நிஜமாகவே பார்த்தேன். அப்புறம்தான் அதைவிடப் பெரிய பயம் வந்தது. பூட்டியிருந்த திண்டிவனம் இன்சுலின் திறந்து கிடந்தது; கடைகளுக்குப் போகும் வேனில் ஏற்றியதாகவும் பதிவாகியிருந்தது. அனுமதித்தவர் என்ற இடத்தில் உன் பெயர். அந்த மருந்தைப் போட்டு யாருக்காவது ஏதாவது ஆனால், பதில் சொல்ல நீ வரமாட்டாய்.

உன் கணக்கை முடக்கும் பொத்தானுக்குப் போனேன். ‘நிச்சயமா?’ என்று கேட்டது. மேனேஜரின் குரல் காதில் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். உன்னை நானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. சரக்கைத் திரும்பப் பூட்டிவிட்டு வேன் டிரைவருக்குப் போன் போட்டேன்.

“முகையூர் பக்கம் போய்க்கினு இருக்கேன் மேடம். காணையில ஒரு கடைக்கு மட்டும் எறக்கிட்டேன்.”

“மிச்சத்த அப்படியே திருப்பிக் கொண்டாந்துடுங்கண்ணா. யாருக்கும் குடுக்காதீங்க.”

காணைக் கடைக்காரருக்குப் போன் போட்டால், அவர் அதற்குள் ஒரு பாட்டிலை விற்றிருந்தார். வாங்கியவர் வீடு பக்கத்துத் தெருதான் என்று வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் திரும்பக் கூப்பிடும்வரை நான் உட்காரவில்லை.

“சோத்துக்கு முன்னாடி போட்டுக்கலாம்னு எடுத்து வெச்சிருந்தாரும்மா. வாங்கிக்கினு வந்துட்டேன்.”

முதலாளி விசாரித்தபோது மேனேஜர் ஒப்புக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு உன்னைப் பார்க்க வந்தவர், ஸ்டாக் பார்க்கவேண்டும் என்று சொல்லி, காய்ச்சலில் கிடந்த உன்னிடம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார். ஆனாலும் அவர் இன்னும் அங்கேதான் மேனேஜர். முதலாளிக்குச் சொந்தக்காரர்.

உன் பொறுப்பு இப்போது என்னிடம். போன வாரம் அவர் அழைத்தார். “பூட்டு தொறக்கற பர்மிஷன் எனக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா,” என்றார், ரொம்ப அன்பாக. அந்த அன்புதான் என்னை உலுக்கியது. “முடியாதுங்க சார்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பயம் தெளியவில்லை. யாருக்கு எந்த அனுமதியைக் கொடுத்தாலும், மறுத்தாலும், சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போகிறேன். நீயும் தினமும் இப்படித்தான் வீட்டுக்குப் போயிருப்பாய் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.