ஏழு மணி ஆட்டத்தில் முதல் மேசை

செவில்லா,
1989 ஆகஸ்ட் 9

எலாதியோவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று சாயங்காலம் பத்தடி தூரத்தில் பார்த்தேன். நலமாகத்தான் இருக்கிறாய், தொப்பைகூடப் போட்டிருக்கிறது.

எந்தத் தைரியத்தில் என் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு வந்தாய்? வந்ததுதான் வந்தாய், மேடையை ஒட்டின முதல் மேசைதான் கிடைத்ததா உனக்கு? ஒரு பக்கம் உன் புது மனைவி, இன்னொரு பக்கம் நுரியா, மடியில் மார்கோஸ். நான் ஃபிளமென்கோ ஆடுவதைப் பார்க்க வந்த வெளிநாட்டுச் சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவில் என் பிள்ளைகளும் டிக்கெட் வாங்கிய பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

மார்கோஸ் நடக்கப் பழகின புதிதில் கடைசியாகப் பார்த்தது. முகம் முழுக்க மாறிவிட்டது. ஆனாலும் தெரிந்துகொண்டேன். எப்படி என்று உனக்கு விளக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

பாடகர் குர்ரோ பாட்டை எடுத்ததும் நான் காலைத் தட்ட ஆரம்பித்தேன். மார்கோஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டான். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீ எழுந்து, "வா, போலாம்" என்று நுரியாவைக் கூப்பிட்டாய். அவள், "நான் வரல. முடியட்டும்" என்றாள். மேடைவரை கேட்டது. கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாயே, அதுவும் தெரிந்தது.

எதற்காக வந்தாய்? என்னைக் கேவலப்படுத்தத்தானே?

அராசெலி


பர்கோஸ்,
1989 ஆகஸ்ட் 16

அராசெலிக்கு,

உன்னைக் கேவலப்படுத்த எழுநூறு கிலோமீட்டர் கார் ஓட்ட எனக்கு என்ன பைத்தியமா? விடுமுறைக்கு வந்தோம். தங்கிய விடுதியில், குடும்பத்தோடு பார்க்கலாம், ஏழு மணிக்கு ஆரம்பித்து எட்டுக்கெல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். என் மனைவி பெகோன்யா ஆசைப்பட்டாள், போனோம். நீ அங்கே ஆடுவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ மேடையில் வந்து நின்றதும்தான் தெரிந்தது. உடனே எழுந்தால் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். அதனால்தான் உட்கார்ந்திருந்தேன்.

பெற்ற பிள்ளை உன் கண்ணெதிரே கதறுகிறது. நீ நிறுத்தினாயா? ஒரு அடிகூடத் தப்பவில்லை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஆடினாய். உன்னைப் பற்றி நான் எல்லோரிடமும் சொன்னது சரிதான் என்று ஆகிவிட்டது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம் என்றார் நீதிபதி. நாலு தடவை வந்தாய். ஐந்தாவது ஞாயிறு நுரியா ஷூவை மாட்டிக்கொண்டு மத்தியானம் வரை வாசலில் நின்றாள். அவளை உள்ளே தூக்கிக்கொண்டு வந்தவன் நான்.

அந்த மாதிரி இடம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

காரில் நுரியா கேட்டாள்: "அந்த அக்கா ஏம்ப்பா என்னையே பாத்துக்கிட்டு ஆடினாங்க?" எல்லோரையும் அப்படித்தான் பார்ப்பார்கள், அது அவர்கள் தொழில் என்றேன்.

இனி எழுதாதே.

எலாதியோ


செவில்லா,
1989 ஆகஸ்ட் 21

எலாதியோவுக்கு,

எழுதுவேன்.

பொய் சொல்வதென்றால் கொஞ்சம் யோசித்துச் சொல். வாசலில் என் முகம் கதவு உயரத்துக்கு ஒட்டியிருக்கிறது. அதைத் தாண்டாமல் யாரும் உள்ளே வர முடியாது. டிக்கெட் கிழிக்கிற பெண்ணிடம் விசாரித்தேன். "அந்த ஆளா? போஸ்டர் முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரே. மேடைக்குப் பக்கமா இடம் வேணும்னு அவர்தானே கேட்டாரு" என்றாள்.

ஏன் நிறுத்தவில்லை என்கிறாய். இறங்கி வந்து அவனைத் தூக்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கூட்டத்தில் பிள்ளையைப் பறிக்க வந்தாள், வெறி பிடித்தவள் என்று சொல்லியிருப்பாய். எனக்கும் அவனைத் தெரியாது, அவனுக்கும் என்னைத் தெரியாது. நான் தொட்டால் இன்னும் அழுவான். தாளத்தை விட்டால் விழுந்துவிடுவேன் என்று பயந்துதான் ஆடினேன். திரை மறைவுக்குப் போனதும் குர்ரோ நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு, "யாரு அந்தப் பிள்ளைங்க?" என்றார். பத்து வருஷமாக எனக்குப் பாடுகிற மனுஷர், அவரே புரிந்துகொண்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஒன்று கேட்டுக்கொள். ஆட்டக்கூடத்தில் பிள்ளைகள் கால் வைக்கக்கூடாது, அப்படி வைத்தால் பெற்றவர்களுக்கு யோக்கியதை இல்லை என்று நீதிபதி முன்னால் சொன்னவன் நீ. அதைச் சொல்லித்தான் அவர்களை என்னிடமிருந்து வாங்கினாய். இப்போது நீயே கைபிடித்துக் கூட்டிவந்து, அதை உன் கையாலேயே எழுதியும் அனுப்பியிருக்கிறாய். கடிதம் என் வக்கீலிடம் இருக்கிறது. செப்டம்பரில் நீதிமன்றம் திறந்ததும் மனு போடுகிறோம்.

அராசெலி


பர்கோஸ்,
1989 ஆகஸ்ட் 27

அராசெலிக்கு,

போடு மனுவை. நானும் வக்கீல் வைத்துக்கொள்கிறேன். நிச்சயமாக நீ தோற்பாய் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன், பயந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே.

ஆமாம், போஸ்டரைப் பார்த்தேன். செவில்லாவுக்குக் கிளம்பும்போதே அந்த இடத்தின் பெயர் எனக்குத் தெரியும். பெகோன்யாவுக்குத் தெரியாது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தை வரையச் சொல்லியிருக்கிறார்கள். நுரியா வீட்டுக்கு வந்து, "என் முதல் அம்மா செத்துட்டாங்களாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போய்க் கை கழுவு, சூப் ஆறுது என்றேன். அன்றிலிருந்து அது தொண்டையில் மாட்டின முள்ளாக இருந்தது. தூரத்திலிருந்து ஒரு தடவை பார்க்கட்டும், யாரென்று தெரிய வேண்டாம், பிறகு ஒருநாள் கேட்டால், பார்த்திருக்கிறாய் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான். மேடைக்குப் பக்கத்து மேசையைக் கேட்டதும் முட்டாள்தனம். திட்டிக்கொள்.

நேற்று குளிக்க வைக்கும்போது அவள் பெகோன்யாவிடம் சொல்லியிருக்கிறாள்: "அந்த அக்காவுக்கும் எனக்கும் ஒரே மாதிரி காது. அவங்கதான் என் முதல் அம்மா. அப்பாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கிறாரு."

பெகோன்யா என்னிடம் கேட்டாள். ஒளிக்கவில்லை. சமையலறையிலேயே நின்று அழுதாள். "என்னையும் ஏமாத்தி அந்த மேசையில உட்கார வெச்சியே, நீயெல்லாம் மனுஷனா?" என்றாள்.

இதெல்லாம் உன்னால் வந்தது. நீ அந்த ஐந்தாவது ஞாயிறு வந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

எலாதியோ


செவில்லா,
1989 ஆகஸ்ட் 31

எலாதியோவுக்கு,

இறந்துவிட்டாளா என்று குழந்தை கேட்கிறது, நீ சூப் ஆறுகிறது என்கிறாய். இதை நான் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம்.

அந்த ஐந்தாவது ஞாயிறு ஆட்டம் இருந்தது என்று வக்கீலிடம் சொல்லியிருந்தேன். பொய். ஆட்டம் இல்லை. ரயில் நிலையம்வரை போனேன். நாலாவது தடவை திரும்பும்போது மார்கோஸ் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு வயசுக் குழந்தை, அவனுக்கு என்ன தெரியும்? ஆனால் மறுபடி அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் ரயிலை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த மாதம் இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்கடுத்த மாதம் முடியவே இல்லை. நுரியா வாசலில் நின்றது இந்த மாதம் நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். நீதிமன்றத்திலும் இதைச் சொல்லப்போகிறேன். எனக்கு எதிராகப் போனாலும் போகட்டும்.

மனு எழுதியாகிவிட்டது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன்.

நுரியாவிடம் நான் உயிரோடு இருக்கிறேன் என்றாவது சொல். அதற்கு நீதிபதி தேவையில்லை.

அராசெலி


பர்கோஸ்,
1989 செப்டம்பர் 3

அராசெலிக்கு,

சொல்லிவிட்டேன். "எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே" என்றாள். பிறகு ஒரு மணி நேரம் என் பக்கமே வரவில்லை.

உன் மனுவைப் போடு, போடாமல் இரு. நான் உனக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. பெகோன்யா முடிவு செய்துவிட்டாள், நான் குறுக்கே நிற்கவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் திறக்குமுன் அவளே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். 9ஆம் தேதி சனிக்கிழமை, மத்ரித்திலிருந்து வரும் ரயில், பிற்பகல் மூன்றேகாலுக்கு செவில்லா வந்து சேரும். செவ்வாய்க்கிழமை காலை திரும்ப வேண்டும். அவள் விடுதியில் தங்கிக்கொள்வாள். அவளிடம் மரியாதையாக நடந்துகொள். நான் வரமாட்டேன். உன் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

நுரியாவுக்கு மீன் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். வேண்டும் என்று அடம்பிடிப்பாள், கொடுக்காதே. கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். என்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள். பொய் மட்டும் சொல்லாதே, கண்டுபிடித்துவிடுகிறாள்.

மார்கோஸ் பால் குடிக்கும்போது டம்ளரை நீ பிடிக்கக்கூடாது, அவனே பிடிப்பான். கழிப்பறைக்குத் தனியாகப் போவான், ஆனால் கதவைச் சாத்தினால் பயம். வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசினாலும் சரி. குரல் கேட்டால் போதும் அவனுக்கு.

எலாதியோ