மூடியில்லாமல் வந்த மெஷின்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து வந்து போகிறது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. என் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் வாயைப் பொத்திக்கொண்டே அலைகிறாள். உன் கடிதம் கிடைத்தது. இடது கையால் எழுதிப் பழகிவிட்டாய் போலிருக்கிறது. முன்பு கோழி கிண்டியதுபோல் இருந்த எழுத்து இப்போது என்னுடையதைவிடத் திருத்தமாக இருக்கிறது. கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்ல செருப்பாக ஒன்று வாங்கிக்கொள்.

நான் மரம் இழைக்கிற பழைய மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறேன். இதைப் படித்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நாற்பது பெஞ்சு செய்துதர ஒத்துக்கொண்டுவிட்டேன். கையால் இழைத்துக் கொடுப்பதற்குள் அந்தப் பிள்ளைகள் படித்து முடித்துப் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள்.

மூடிப்போன நாற்காலித் தொழிற்சாலையின் பின்கட்டில், சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. அப்பா வயதிருக்கும். உன் அத்தான் பார்த்ததுமே, "இது மெஷினா, புதையலா? தோண்டித்தான் எடுக்கணும் போல" என்றார். நான் இரும்பு மேசையைத் துடைத்து நேர்கோலை வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு தாள்கூட நுழையவில்லை, அவ்வளவு மட்டம். அதற்குமேல் என்ன யோசனை?

மூன்று வாரம் மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமாகக் கிடந்தோம். சாம்பல் பெயிண்டுக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் நீலம். இறுகிப்போன பேரிங்குகளைக் கழற்றவே இரண்டு நாள் ஆயிற்று. மோட்டாருக்கு வயர் கொடுத்தது உன் அத்தான். சுவிட்சைப் போட்டால் கத்தி உருளை தலைகீழாகச் சுற்றியது. இரண்டு வயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அரை நாள் சொல்லாமல் அவரைத் தேடவிட்டேன். குடித்தனத்துக்கு இதுவும் வேண்டியிருக்கிறது.

கத்திக்கு மேல் வருகிற மூடி மட்டும் மெஷினோடு வரவில்லை. விற்றவரைக் கேட்டதற்கு, "அது இருந்தா வேலை ஓடாதும்மா, வந்த அன்னைக்கே கழட்டிப் போட்டுட்டோம்" என்றார், சட்டைப் பொத்தான் அறுந்ததைச் சொல்வதுபோல. வெல்டிங்காரரைக் கூப்பிட்டுப் புது மூடி செய்யச் சொன்னேன். அவர் அளவெடுத்துக்கொண்டே, "இதை இறுக்குற நட்டு எங்கம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

தம்பி, இதற்காகத்தான் இந்தக் கடிதம். இதைச் சொல்ல இவ்வளவு சுற்றி வளைத்து வரவேண்டியிருந்தது.

உனக்கு அடிபட்ட அன்று காலை, நம் பழைய மெஷினில் அகலமான கதவுப் பலகையை இழைக்க மூடியைக் கழற்றியது நான். கீழே வைத்தால் தூளில் தொலைந்துபோகும், இறுக்கும்வரை நட்டு கழற்றியவர் பையில்தான் இருக்க வேண்டும் என்பது நம் பட்டறை வழக்கம். என் பையில் போட்டேன். பலகையை முடித்து, மூடியைத் திரும்ப வைத்தேன். இறுக்குவதற்குள் கதவுக்கு உரியவர் வாசலில் வந்து கூப்பிட்டார். ஒரு நிமிடம்தானே என்று போனேன். நீ வந்தாய், மூடி அதன் இடத்தில் இருப்பதைப் பார்த்தாய், நம்பி மெஷினை ஓட்டினாய். அதிர்வில் மூடி விலகியது. உன் வலது கையில் இரண்டு விரல் போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உடை மாற்றும்போதுதான் நட்டு கையில் தட்டுப்பட்டது. அதற்குள் அப்பா, "இறுக்காம ஓட்டியிருக்கான், கவனம்னா என்னன்னு தெரியாதவன்" என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. நீயும் டாக்டரிடம் உன் தப்பு என்றே சொன்னாய். நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அப்பா மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார். நீ பெட்டியைக் கட்டினாய். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பட்டறை வேண்டாம் என்று நீ போகவில்லை. பட்டறைக்கு லாயக்கில்லாதவன் என்று உன்னையே நினைத்துக்கொண்டு போனாய். அப்படி நினைக்க விட்டவள் நான்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று பயந்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "இதை மொதல்ல அவன்கிட்டல்ல சொல்லியிருக்கணும்" என்றார். காலையில் அவரே தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவரும் உனக்கு எழுத வேண்டும் என்கிறார், எப்படித் தொடங்குவதென்றுதான் தெரியவில்லையாம்.

ஒன்று மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. நட்டு யார் பையில் இருக்கும் என்பது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் உன் தப்பு என்று சொன்னாயா? அப்படியென்றால் உன்னை என்ன சொல்வது, மடையா.

திரும்பி வா என்று கேட்க எனக்கு வாயில்லை. மீதி எட்டு விரலும் ஒரு குறையுமில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். என்னைத் திட்டி எழுது. பக்கம் பக்கமாகத் திட்டு. இனி என் முகத்தில் விழிக்காதே என்றுகூட எழுது. வழக்கம்போல "பரவாயில்லக்கா" என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அக்கா